அதிகாரிகளுக்கான ஜெபத்தை யார் செய்வது

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது, காணிக்கை எடுப்பதற்கு முன்பு ஒரு ஜெபம் உண்டு. அதைப் போதகர் செய்வதில்லை. சபையார் ஒருவர் எழுந்து முன்னால் வந்து, பீடத்தைப் பார்த்து நின்று, நம்மை ஆளுகிறவர்களுக்காக ஜெபிப்பார். குடியரசுத் தலைவரில் தொடங்கி, பிரதமர், ஆளுநர், முதலமைச்சர், மாவட்ட ஆட்சியர் என்று படிப்படியாக இறங்கி எங்கள் ஊராட்சித் தலைவரில் வந்து முடியும். அதிகாரிகளுக்கான ஜெபம் என்று அதற்குப் பெயர். சின்ன ஜெபம்தான். அந்தச் சின்ன ஜெபத்தின் பொருட்டு என் தங்கை கணவர்மீது எனக்கு ஏற்பட்ட பொறாமை மட்டும் சின்னதில்லை. இன்னும் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன்.

எங்கள் ஊர் சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நான் தாலுகா அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த உத்தரவு எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்று பார்ப்பதே அங்கே என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. ஜெபம் என் கைக்கு வந்ததும் அந்தப் பழக்கத்தால்தான்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்டது 2019 நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை. அடுத்து வந்த ஞாயிறு டிசம்பர் முதல் தேதி, கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கும் எங்கள் உபதேசியார் பழைய வழக்கப்படி விழுப்புரம் ஆட்சியருக்காகவே ஜெபித்தார். போதகருக்கு உதவியாக வெகுகாலம் ஊழியம் செய்த பெரியவர் அவர். ஆராதனை முடிந்ததும் நான் போதகரிடம் போய், நமக்கு இப்போது வேறு ஆட்சியர் என்று சொன்னேன்.

"விழுப்புரத்துக்காரருக்கும் ஜெபம் தேவைப்படும்தானே," என்று சிரித்தார் போதகர். பிறகு, "இதெல்லாம் உங்களுக்குத்தான் சரியா வரும். அடுத்த வாரத்துல இருந்து நீங்களே செய்யுங்க," என்றார். உபதேசியாருக்கு அதில் வருத்தமில்லை. முழங்கால் வலி, எழுந்து நிற்பதே சிரமம் என்றார்.

நான் அந்த வேலையை மிகவும் விரும்பிச் செய்தேன். அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும், அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும், அந்த அதிகாரம் மேலிருந்து கொடுக்கப்பட்டது என்று சிறு வயதிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நல்லவர்களாக இருந்தால் மட்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. தங்களைத் துன்புறுத்திய ரோமப் பேரரசர்களுக்காகவும் ஆதிகால விசுவாசிகள் ஜெபித்தார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்கள் ஆளை விரும்பி ஜெபித்திருக்க முடியாது. இருக்கையை மதித்துத்தான் ஜெபித்திருப்பார்கள். நம்முடைய பழைய கல்வெட்டுகளும் அப்படித்தான். இரண்டு ஆடு தானம் கொடுத்த செய்தியைச் சொல்வதற்கும் முதலில் அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். ஆகவே நான் யார் பெயரையும் சொல்லி ஜெபிப்பதில்லை. பதவியைச் சொல்வேன். அந்தப் பதவியில் அன்றைய தேதியில் இருப்பவர் யாரோ அவரைத் தேவன் நடத்தட்டும்.

என் தங்கை கணவர் ஜீப் ஓட்டுகிறவர். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிப்போவார். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் மலைக் கிராமங்களுக்கு ஓட்டுக் கேட்டுப் போக அவரைத்தான் கூப்பிடுவார்கள். மலையில் எந்த ஊருக்கு ஜீப் போகும், எந்த ஊருக்கு இறங்கி நடக்கவேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். கோயிலில் கடைசி வரிசையில் உட்காருவார். பாட்டில் அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். அவர் ஜெபம் செய்து 2021 வரை நான் கேட்டதில்லை.

அந்த வருடம்தான் எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு முன் பல வருடங்களாக ஊராட்சிக்குத் தலைவரே கிடையாது. வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர் என்ற பெயரில் நிர்வாகம் பார்த்தார். அக்டோபர் 12 வாக்கு எண்ணிக்கை. 20 பதவியேற்பு. நடுவில் வந்த ஞாயிறு 17. கொரோனாவுக்காக வார இறுதியில் மூடிவைத்திருந்த வழிபாட்டு இடங்களை அந்த வாரம்தான் திறக்கச் சொல்லியிருந்தார்கள். கோயில் நிறைந்துவிட்டது. பாதிப்பேர் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஊராட்சித் தலைவராக ஜெயித்த அம்மாள் ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்லத் தன் கணவரோடு வந்திருந்தார். அந்தத் தலைவர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கியது. இந்துக் குடும்பம், நிறைய நிலம் உள்ளவர்கள். முன்வரிசையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தோம்.

நான் முன்னால் போய் நின்று, வழக்கம்போல மேலிருந்து இறங்கி வந்தேன். கடைசியில் எங்கள் ஊராட்சியின் தனி அலுவலராகப் பொறுப்பு வகிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்காக ஜெபித்து முடித்தேன். பதவிப் பிரமாணம் ஆகாதவர் தலைவர் இல்லை. புதன்கிழமை வரை அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. அடுத்த ஞாயிறு அவருக்காக ஜெபிக்கலாம் என்றிருந்தேன்.

ஆமென் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், போதகர் என்னைப் பார்க்கிறார், சபை நாற்காலிகளைப் பார்க்கிறது. அந்த அம்மாளின் கணவர் மட்டும் இன்னும் கைகூப்பிக் கண்மூடிக் காத்திருந்தார். அப்போது கடைசி வரிசையிலிருந்து என் தங்கை கணவரின் குரல் எழுந்தது.

"ஆண்டவரே, எங்க தலைவரம்மா வந்து குந்திக்கினு இருக்காங்க. அண்ணனும் வந்திருக்காரு. வூடு வூடா ஏறி எறங்கி ரெண்டு பேரும் வெயில்ல கருத்துட்டாங்க. அவங்களுக்கு நல்ல தூக்கம் குடுங்க. அண்ணனுக்கு சக்கரை ஜாஸ்தியா இருக்குது, நீங்கதான் கம்மி பண்ணணும். எங்க தெருவுக்கு தண்ணி வுடற மனசயும் அவங்களுக்கு குடுங்க."

அந்த ஆமெனை நான் மறக்கவில்லை. சுவரெல்லாம் அதிர்ந்தது என்று எழுதினால் மிகை. ஆனால் என் பக்கத்து வரிசையிலிருந்து என் மனைவி சொன்ன ஆமென் எனக்குத் தனியாகக் கேட்டது. என் ஜெபத்துக்கு அவள் அப்படிச் சொன்னதில்லை.

வெளியே வந்ததும் செருப்பைத் தேடிக்கொண்டே அவர் என்னிடம் சொன்னார்: "இன்னா மச்சான், எதிர்ல குந்தினு இருக்கறவங்கள வுட்டுட்டு பி.டி.ஓ ஆபீசுக்கு மனு போட்டுட்டீங்க?"

"இருபதாம் தேதிதான் மாப்ள பதவிப் பிரமாணம். அதுவரைக்கும் அவங்க தலைவர் இல்ல."

"ஆண்டவருக்கு அதெல்லாம் அட்வான்ஸா தெரியும் மச்சான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார். அந்த வாரம் அவரே வீட்டுக்கு வந்து, "கொஞ்ச நாள் அவரு செய்யட்டுமேங்க. அவரு பேசறது ஜனங்களுக்கு மனசுல போய் ஒட்டுது," என்றார். நான் சரி என்றேன். சபையிலும் அதிகாரம் உண்டு. அதற்கும் கீழ்ப்படிய வேண்டும்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் நான் உட்கார்ந்து கேட்டேன். அவருக்கு வரிசை தெரியாது. ஆட்சியரை முதலமைச்சருக்கு முன்னால் சொல்லுவார். ஆளுநரை மறந்தேபோவார். ஆட்சியர் மாற்றலாகிப்போன பிறகும் பழையவருக்காகவே உருகுவார். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக மனைவியிடம் சொல்லுவேன்.

"ஆண்டவர் இன்னா உங்க தாசில்தாரா?" என்றாள் அவள் ஒருநாள். "ஃபைல் சரியில்லன்னு திருப்பி அனுப்பறதுக்கு?"

என் தங்கை அதுவரை தூண் மறைவில் உட்காருகிறவள். இப்போது இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டாள். ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவளிடம், அண்ணன் இன்றைக்கு நன்றாக ஜெபித்தார் என்பார்கள். அண்ணன் என்று அவர்கள் சொன்னது அவள் கணவரை. அவளுடைய அண்ணனாகிய நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

ஒருமுறை வெள்ளிமலையில் ஒரு கல்யாணத்துக்கு அவர் ஜீப்பிலேயே போனோம். மலைப்பாதையில் ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்து, கையை வெளியே நீட்டிக் காட்டினார்.

"இந்தத் திருப்பத்துலதான் மச்சான், போன எலெக்சன்ல நின்னாரே, அவரு வாந்தி எடுத்தாரு. கூட வந்த ஆளுங்கல்லாம் தள்ளி நின்னுக்கினாங்க. நான்தான் தலைய புடிச்சிக்கினேன். வெறும் தண்ணியா வருது. பாவமா இருந்துது. அன்னிக்கி புடிச்சி அவருக்கு வுடாம ஜெபம் பண்றேன்."

அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்று கேட்டேன்.

"தோத்துட்டாரு. அதுக்கின்னா இப்ப?"

பதவியில் இல்லாத ஒருவருக்கு அதிகாரிகளுக்கான ஜெபத்தில் இடம் கிடையாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வளைவில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. நான் வருடக்கணக்கில் ஆள்வோருக்காக ஜெபித்தவன். ஒருவர் தலையைக்கூடப் பிடித்ததில்லை.

வெள்ளிமலை டீக்கடையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தூரத்திலேயே கையைத் தூக்கினார். ஒன்றியத்தில் ஏதோ பொறுப்பில் இருப்பவர். "வாய்யா டிரைவரு," என்று தோளில் கைபோட்டுக்கொண்டார். என்னைக் காட்டி யார் என்று கேட்டார்.

"எங்க மச்சான். எந்த சீட்டுல யாரு எந்தத் தேதில குந்தினாங்க, எப்ப எழுந்தாங்கன்னு கரெக்டா சொல்லுவாரு."

"அப்படிங்களா," என்றார் அவர். பிறகு சாமை இந்த வருடம் எப்படி என்று டீக்கடைக்காரரிடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். டீ நன்றாக இருந்தது. காசு கொடுக்கவும் விடவில்லை. எல்லாமே என் தங்கை கணவருக்காக.

எங்கள் கல்லறைத் தோட்டம் ஊருக்குத் தெற்கே, மக்காச்சோளக் காடுகளுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே போக அரசு நிலத்தில் ஒரு வண்டிப்பாதை உண்டு. தலைவரம்மாளின் கணவருக்குப் பங்காளியான ஒருவர் அதை மறித்து முள்வேலி போட்டு, உள்ளே மரவள்ளி நட்டுவிட்டார். சபை கூடிப் பேசியபோது, மனு கொடுக்கலாம் என்றேன் நான். "மனுவெல்லாம் எதுக்கு? நான் சொன்னா அண்ணன் கேப்பாரு," என்றார் என் தங்கை கணவர். எல்லாருக்கும் அதுவே பிடித்தது. அவரும் போய்ச் சொன்னார். பார்த்துக்கலாம் என்று பதில் வந்தது. அதோடு நின்றுபோயிற்று.

போன வருடம் மழைக்காலத்தில் உபதேசியார் இறந்துபோனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி நெல்வயலில் இறங்கித்தான் போகவேண்டியிருந்தது. முன்பக்கம் தூக்கியவர் என் தங்கை கணவர். முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னால் வந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

அடக்கம் முடிந்ததும் என் தங்கை கணவர் வேட்டியைக்கூட மாற்றாமல் நேரே தலைவர் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நாலு பேரு எதிர்ல சொல்றாரு மச்சான். உன் ஜெபத்துல என் பேரு வருதுன்னு நான் பாதை வுட முடியுமான்னு கேக்கறாரு."

"தலைவர்கிட்ட சொன்னீங்களா?"

"அதான் சொன்னேனே."

"அது தலைவர் வூட்டுக்காரர் மாப்ள. தலைவர் அந்தம்மா."

"ஊர் உலகம் தெரியாம பேசாதீங்க மச்சான். அந்தம்மா கைல இன்னா இருக்குது? ரப்பர் ஸ்டாம்புகூட அவரு பாக்கெட்லதான் இருக்குது." சொம்பைக் கீழே வைத்தார். பிறகு, "அந்த ஆளுக்கு நான் இனிமே ஜெபம் பண்ண மாட்டேன்," என்றார்.

எனக்கு அவரைப் பார்க்க வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஞாயிறு யார் எழுந்து நிற்பார்கள் என்ற கேள்வியும் அந்த வருத்தத்துக்குள் புகுந்துகொண்டது. அந்த வாரம் முழுவதும் அது போகவில்லை.

அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். ஆராதனைக்குப் பிறகு அதை ஏலம் விடுவோம். சிறப்பு விருந்தினராகத் தலைவரை அழைத்து முன்பே சொல்லியாகிவிட்டது. மூன்று நாற்காலிகள் போட்டிருந்தோம். நடுவில் அந்த அம்மாளின் கணவர் உட்கார்ந்தார். ஒரு பக்கம் போதகர். அந்த அம்மாள் பூசணிக்காய்களுக்குப் பக்கத்திலிருந்த ஓர நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜெப நேரம் வந்ததும் என் தங்கை கணவர் முன்னால் போனார். "ஆண்டவரே," என்றார். அப்புறம் ஒன்றும் இல்லை. நாங்கள் தலை குனிந்து காத்திருந்தோம். கட்டிவைத்திருந்த சேவல் ஒன்று இறக்கையை அடித்தது. மறுபடியும் "ஆண்டவரே," என்றார். பிறகு போதகர் பக்கம் திரும்பி, "வரலீங்க ஐயா," என்று மெல்லச் சொல்லிவிட்டு, நடுவழியாக நடந்து வெளியே போய்விட்டார்.

போதகர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். வரிசை மறக்கவில்லை. குடியரசுத் தலைவரிலிருந்து இறங்கி வந்து, ஊராட்சியை அடைந்தேன். எங்கள் ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, உறுதிமொழி எடுத்துக்கொண்டு, அந்த நாற்காலியின் அதிகாரத்தைப் பெற்றிருக்கிற சகோதரியை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறோம். அவருடைய அதிகாரத்துக்கு நாங்கள் கீழ்ப்படிகிறோம். அவர் தம் கண்ணால் பார்க்கவும், தம் காதால் கேட்கவும், தம் கையால் கையெழுத்திடவும் அவருக்கு ஞானம் தாரும் என்று முடித்தேன்.

ஆமென் ஒல்லியாகத்தான் வந்தது. நடு நாற்காலியில் இருந்தவர் தன்னுடைய முறைக்காகக் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். அவரை வேண்டுமென்றே விட்டீர்களா என்று மனைவி பிற்பாடு கேட்டாள். இல்லை. அவருக்குப் பதவி கிடையாது. நான் எப்போதும் செய்ததைத்தான் அன்றும் செய்தேன்.

ஏலம் தொடங்கியது. அந்த அம்மாளின் கணவர் சேவலுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எழுந்து, நானும் மனைவியும் நின்ற இடத்துக்கு வந்தார்.

"அண்ணே, நீங்க சொன்னது எனக்குன்னு தனியாவா?"

"தலைவருக்குங்க."

"அதான் நான்," என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத்தினி வருசத்துல எங்க வூட்டுக்காரர சேக்காம என்னை மட்டும் யாரும் சொன்னதில்லீங்க. அந்த டிரைவரண்ணன் ஏன் எழுந்து போனாரு?" என்று கேட்டார்.

பாதையைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. உபதேசியாரின் பெட்டி சேற்றில் சாய்ந்ததுகூடத் தெரியாது. "அது எங்க இருக்குது, காட்றீங்களா?" என்றார். ஏலச் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருக்க, மூவரும் மக்காச்சோளக் காட்டோரமாக நடந்துபோனோம். அவர் வேலியோரமாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்த்தார்.

"இது எங்க சின்ன மாமனாரு வூட்டு வேலி," என்றார் கடைசியில். "எனக்கு இதனால வூட்ல நல்லா கெடைக்கும். பரவால்ல. மனு எழுதி என் கைல குடுங்க. அவர்கிட்ட குடுத்துடாதீங்க."

எழுதிக் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்குள் வேலி போய்விட்டது. அவர் வீட்டில் அதற்காக என்ன பட்டார் என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் ரேஷன் கடையருகே என்னைப் பார்த்தபோது, ஸ்டாம்பு இப்போது தன் பையில்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

சபையில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "டிரைவரு எழுந்து போனாரு பாரு, அதுதான் அந்த ஆளுக்கு உறைச்சிடுச்சி," என்றார்கள். சொல்ல முடியாமல் நின்றதே பெரிய ஜெபம் என்று போதகர் பிரசங்கத்தில் சொன்னார். நடந்தது அப்படியில்லை என்று நான் சிலரிடம் வரிசையாக எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, ஆமாங்க என்று தலையாட்டினார்கள். என் தங்கை கணவரே எல்லாரிடமும், "நான் இன்னா பண்ணேன், மச்சான்தான் கூட்டிக்கினு போயி காட்னாரு," என்றார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல, எவ்வளவு அடக்கமான மனிதர் என்று அவர் பெயர்தான் இன்னும் ஏறியது.

புது வருடத்துக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தார். "ஜெபத்த நீங்களே வச்சிக்குங்க மச்சான். எனக்கு ஆளப் பாத்தாதான் வருது. ஆளு மேல கோவம் வந்தா நின்னுபூடுது. உங்களுக்கு நாற்காலியப் பாத்தாலே வந்துடுது."

"கிண்டலா மாப்ள?"

"கொஞ்சம் கிண்டல்தான்," என்றார். "ஆனா உண்மையும்தான்."

மறுப்பதுபோல ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் அவர் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. உடனே சரி என்றேன்.

இப்போது ஞாயிறுதோறும் நான்தான் நிற்கிறேன். வரிசை பிசகுவதில்லை. ஆமெனும் அளவாக வருகிறது. அவர் பழையபடி கடைசி வரிசைக்குப் போய்விட்டார். ஆனால் அந்தப் பண்டிகை நாளின் கதையை அவர் சின்னசேலம் பஸ் நிலையத்தில் சொன்னால், பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்கிறார்கள். நான் பயந்து பயந்து எழுந்ததையும், அந்தப் பெரிய மனிதர் கண்மூடிக் காத்திருந்ததையும் வெளியே போய்விட்டிருந்தும் நேரில் பார்த்ததுபோல நடித்தே காட்டுகிறாராம். தான் கூட நின்று பார்த்த சம்பவத்தையே அவர் சொல்லிக் கேட்டால்தான் நன்றாக இருக்கிறது என்கிறாள் என் மனைவி.

அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதினேன். எழுதுவது மட்டும் அவருக்கு வராது.